குப்புற விழுந்ததை யார் பார்த்தது?

கொலோன்,
28 ஏப்ரல் 1974

அன்புள்ள திரேசியாச் சேச்சிக்கும் மாத்தன் சேட்டனுக்கும்,

ஈசோவின் தயவால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். ஆமாம் சேச்சி, இனி எல்லாக் கடிதத்திலும் மூன்று பேர்தான். தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். சுற்றி நின்றதெல்லாம் தினமும் என்னோடு காபி குடிக்கிற நர்ஸுகள். அவர்கள் முன்னால் கத்தினால் மானம் போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். "சிஸ்டர் ஏலி, கத்துங்க. இன்னிக்கு நீங்க டியூட்டியில இல்ல" என்றார். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் நம் ஊர் பாலா வரைக்கும் கேட்டிருக்கும்.

வழக்கப்படி ஞானஸ்நானப் பெயர் தேவசி இச்சாயனுடைய அம்மையின் பெயர், அச்சம்மா. வீட்டில் கூப்பிடுவது டெஸ்ஸி. இச்சாயன் முதலில் தொடவே பயந்தார். வாலிபால் பிடித்த கையில் இவள் பாதி உள்ளங்கைக்குத்தான் வருகிறாள்.

ஜூனில் நான் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். நாம் பேசி வைத்தபடியேதான் எல்லாம். டிசம்பரில் என்னோடு வேலை செய்யும் ரோசிலி லீவில் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் டெஸ்ஸியைக் கொடுத்தனுப்புகிறோம். பள்ளிக்கூடம் போகிற வயது வரை அவள் உங்கள் வீட்டுப் பிள்ளை. இங்கே இருக்கிற நம் ஊர் நர்ஸுகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை.

சேட்டனுடைய இருமல் எப்படி? உங்கள் இடுப்பு வலி?

உங்கள் முத்தங்களுக்குக் காத்திருக்கும் டெஸ்ஸியோடு,
ஏலிக்குட்டி


பாலா,
19 மே 1974

அடியே ஏலிக்குட்டி,

உனக்கும் தேவசிக்கும் என் தங்கக்குடத்துக்கும் மாதாவின் துணை இருக்கட்டும். இடுப்பு வலியா? அது போன இடம் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் உன் சேட்டனும் இந்த வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தோம். இப்போது கிழக்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னலுக்கு வலை போட்டாயிற்று. டெஸ்ஸியின் பாலுக்கென்று ஒரு சினைப்பசு வாங்கியிருக்கிறோம். உன் சேட்டன் அதற்கு ஜெர்மனி என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் "திரேசியா, ஜெர்மனிக்குத் தண்ணி காட்டினியா?" என்று கத்துகிறார். தெருவே சிரிக்கிறது.

உன் கடிதத்தில் ஒரு குறை. தேவசி என்ன வேலையில் இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. அவன் அப்பன் சாக்கோச் சேட்டன் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று, "எம்மவன் ஜெர்மனியில பெரிய கம்பெனியில" என்று குடையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் மழை வருகிறது என்று கிளம்பிவிடுகிறார். கூட்டுறவுச் சங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு உன் பின்னால் வந்தவன். நல்ல வேலையாக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளை பெற்றவள் குளிர்ந்த பாலைக் குடிக்காதே.

உன் சேச்சி,
திரேசியாம்மா


கொலோன்,
4 ஆகஸ்ட் 1974

அன்புள்ள சேச்சிக்கு,

எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலைக்குத் திரும்பிய பிறகு நாட்கள் எப்படி ஓடுகின்றன என்றே தெரியவில்லை. இந்த வாரம் முழுக்கக் காலை டியூட்டி.

டெஸ்ஸியின் செய்தி. கழுத்து நின்றுவிட்டது. பேச்சுக் கொடுத்தால் சிரிக்கிறாள், அதுவும் ஒரு பக்கமாக, வக்கீல் மாதிரி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குப்புற விழுந்தாள்! தலையணை ஓரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறாள், அது வரவில்லை, கோபத்தில் ஒரு முக்கு முக்கிப் பொத்தென்று திரும்பிவிட்டாள். பிறகு தலையைத் தூக்கி, இது யார் செய்த வேலை என்பதுபோல் சுற்றிப் பார்த்தாளாம்.

பகலில் அவளுக்கு நல்ல கவனிப்பு இருக்கிறது. அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். இச்சாயன் சுகம். இங்கே வேலை விஷயமெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.

சேட்டனுக்கு என் அன்பு. பசுவுக்கும்.

ஏலிக்குட்டி


பாலா,
25 ஆகஸ்ட் 1974

அன்புள்ள ஏலிக்குட்டிக்கு,

சுகம், சுகமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை உன் சேட்டனுக்கு வாசித்துக் காட்டினேன். குப்புற விழுந்த இடத்தில் அவர் கைதட்டினார். நான் தட்டவில்லை. வாரம் முழுக்கக் காலை டியூட்டி என்று மேலே எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தை விழுந்தது என்று கீழே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அதை யாரடி பார்த்தது?

மடத்துச் சகோதரிகள் வைத்து நடத்தும் காப்பகம் ஏதாவது இருக்கும் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். நல்லது. ஆனால் முப்பது குழந்தையைப் பார்க்கிற கன்னியாஸ்திரீக்கு ஒரு குழந்தை தலையணை ஓரத்தை இழுத்ததெல்லாம் எப்படித் தெரியும்? நன்றாகப் பார்க்கிறவள் யாரோ இருக்கிறாள். அவளுக்கு என் நன்றியைச் சொல். டிசம்பரோடு அவளுக்கு ஓய்வு என்றும் சொல்.

டெஸ்ஸியின் கூழுக்கு நேந்திரங்காய் சீவிக் காயப்போட்டிருக்கிறேன். மழை விட்டால்தான் பொடிக்க முடியும். ஊரில் இருக்கிற காக்கை எல்லாம் என் முற்றத்தில்தான்.

தேவசியைப் பற்றி இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை.

சேச்சி


கொலோன்,
20 அக்டோபர் 1974

அன்புள்ள சேச்சிக்கு,

கடவுள் கிருபையால் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. டெஸ்ஸிக்குக் கீழே ஒரு பல். நேற்று அரிசிக் கஞ்சி கொடுத்தபோது கரண்டியில் டிங்கென்று சத்தம். கரண்டியை எடுத்துவிட்டால் அழுகை, அந்தச் சத்தம் திரும்ப வேண்டுமாம். உட்காருகிறாள். சாயப் போகிறாள் என்று நாம் கையை நீட்டினால் தட்டிவிடுகிறாள்.

யார் பார்த்தது என்று கேட்டீர்கள். பார்த்தவர் சொன்னார், நான் எழுதினேன். அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு படம். கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் வில்ம்ஸ் பூங்காவில் எடுத்தது. டெஸ்ஸியின் தொப்பி அவர் பின்னிக் கொடுத்தது.

சேட்டனுக்கு மழைக்காலத்தில் இருமல் கூடியிருக்குமே? இஞ்சியும் தேனும் விடாமல் கொடுங்கள்.

ஏலிக்குட்டி


பாலா,
10 நவம்பர் 1974

ஏலிக்குட்டி,

உங்கள் மூவருக்கும் இறைவன் நல்ல சுகம் தரட்டும். படம் கிடைத்தது. என் பிள்ளை! கன்னத்தைப் பார். உன் சேட்டன் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரப்பர் தோட்டம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

தொப்பி நன்றாயிருக்கிறது. ஆனால் குழந்தையைப் பிடித்திருக்கும் கை கன்னியாஸ்திரீயின் கை இல்லை. இடது சுண்டுவிரல் வெளியே பார்த்து வளைந்திருக்கிறது. கோட்டயம் மேட்சில் ஒடிந்த விரல். அதற்குப் போட எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தது நான். எனக்கா தெரியாது?

அப்படியானால் தேவசிதான் வீட்டில் இருக்கிறான். கஞ்சி கொடுப்பது, கழுவிவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவன்தான். நீ வேலைக்குப் போகிறாய். வேலை கிடைக்கவில்லையா, இல்லை கொடுக்கவில்லையா? என்னிடம் சொல்ல உனக்கு வெட்கமா? அட போடி. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒன்று கேள். ஒரு ஆம்பளையை இப்படி வீட்டுக்குள் கட்டிப்போடாதே. குழந்தை இங்கே வந்துவிட்டால் அவனும் வெளியே போய் நாலு இடத்தில் முட்டிப் பார்ப்பான். உனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. எனக்கு நல்லது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கொச்சி விமான நிலையத்துக்கு டாக்ஸி சொல்லியாயிற்று. ரோசிலி என்னைக் கண்டுபிடிக்கப் பச்சைக் கரை போட்ட கவணி போர்த்திக்கொண்டு வருவேன். வழிக்குக் குழந்தைக்கு இரண்டு சட்டை போட்டு அனுப்பு.

சேச்சி


கொலோன்,
20 டிசம்பர் 1974

அன்புள்ள சேச்சி,

தந்தி உங்களுக்குச் சமயத்தில் கிடைத்ததா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். டெஸ்ஸி வரவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி. நர்ஸின் கணவன் இந்த நாட்டில் மனைவியோடு தங்கலாம், வேலை செய்யக் கூடாது. சட்டம் அப்படி. இச்சாயன் நான்கு அலுவலகம் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் காபி கொடுத்து மரியாதையாக இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவர் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. டெஸ்ஸியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவார். அங்கே இருப்பதெல்லாம் பெண்கள். ஃப்ராவ் வில்ம்ஸ் பார்க்கும்போதெல்லாம், "பாவம், உங்க சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். இவரும், "அவ நல்லாத்தான் இருக்கா. குழந்தை என்னோடது" என்பார். அக்டோபரில் அந்த அம்மாள் கேட்பதை நிறுத்தினார். தொப்பி பின்னிக் கொடுத்தார்.

நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. நான் வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் ஒன்றுவிடாமல் சொல்வார், மேட்ச் விவரம் சொல்கிற மாதிரி.

பதினெட்டாம் தேதி மூவரும் பிராங்பர்ட்டுக்குப் போனோம். ரயிலில் இச்சாயன் டெஸ்ஸியை என் மடிக்குத் தரவே இல்லை. விமான நிலையத்தில் குழந்தையை ரோசிலியின் கையில் கொடுத்ததும் பேச ஆரம்பித்தார். "ரோசிலி, இவளுக்கு இடது தோள்தான் பிடிக்கும். காதைத் தேய்ச்சா தூக்கம் வருதுன்னு அர்த்தம், பசின்னு நினைச்சுடாதே. பாட்டிலை நீ பிடிக்காதே, அவளே பிடிச்சுக்குவா, நீ பிடிச்சா கோபம் வரும். தும்மினா சிரிப்பா, அது சளி இல்ல…" ரோசிலி, "சரி சேட்டா, சரி சேட்டா" என்கிறாள். பின்னால் வரிசை நகர்கிறது. இவர் நிறுத்தவில்லை. ரோசிலிதான் கடைசியில், "சேட்டா, நேரமாச்சு. நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்றாள்.

"எங்க போக?" என்று கேட்டார். அவளைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். "இவ போயிட்டா நாளைக்குக் காலையில நான் எதுக்குடி எந்திரிக்கணும்?"

சேச்சி, அந்தக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. உங்களுக்கு எது நல்லது, எனக்கு எது வசதி, ஊர் என்ன சொல்லும், எல்லாம் யோசித்தேன். ரோசிலியின் கையிலிருந்து டெஸ்ஸியைத் திரும்ப வாங்கியது நான். அவர் இல்லை. ஊரில் யாராவது தேவசி தடுத்துவிட்டான் என்று சொன்னால் அதை நீங்கள் திருத்த வேண்டும்.

நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்ல எனக்கு இந்த வருஷம் வாய் வரவில்லை. சொல்கிறேன்.

உங்கள் ஏலிக்குட்டி


கொலோன்,
9 பிப்ரவரி 1975

அன்புள்ள சேச்சி,

நீங்களும் சேட்டனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம். உங்களிடமிருந்து எழுத்து இல்லை. போன வாரம் ரோசிலி திரும்பி வந்தாள். ஒரு டப்பா கொடுத்தாள். திறந்தால் நேந்திரங்காய்ப் பொடி. உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா என்று பொடிக்குள் கையை விட்டுத் தேடினேன். இல்லை. "சேச்சி என்ன சொன்னாங்க?" என்று ரோசிலியைக் கேட்டேன். "கட்டி தட்டாமக் கிண்டணும்னு சொன்னாங்க" என்றாள். "வேற?" "வேற ஒண்ணும் சொல்லல."

கட்டி தட்டாமல்தான் கிண்டுகிறோம். இப்போது கீழே இரண்டு, மேலே இரண்டு பல். டெஸ்ஸி கிண்ணத்தை நக்கிவிட்டு அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாள்.

இப்போது நான் இரவு டியூட்டி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். தூக்கம் குறைவு. ஆனால் புதன்கிழமை காலை அவள் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நின்றுவிட்டு எப்படி உட்காருவது என்று தெரியாமல் கத்தினாள். இதை யாரும் சொல்லி எழுதவில்லை, சேச்சி. நானே பார்த்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

திட்டியாவது எழுதுங்கள்.

ஏலிக்குட்டி


பாலா,
2 மார்ச் 1975

அன்புள்ள ஏலிக்குட்டிக்கு மாத்தன் எழுதுவது.

இங்கே சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறு. சேச்சிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் தந்தி நாங்கள் கொச்சிக்குக் கிளம்பின பிறகு வந்திருக்கிறது. ரோசிலி வெறுங்கையோடு வெளியே வந்தாள். உன் சேச்சி பாலைக் காய்ச்சிப் பிளாஸ்கில் கொண்டு வந்திருந்தாள். திரும்புகிற வழியில் வைக்கம் தாண்டினதும் வண்டியை நிறுத்தச் சொல்லி அந்தப் பாலை டிரைவருக்குக் கொடுத்தாள். "குடிச்சுடுப்பா, வீணாப் போகும்" என்றாள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் கடிதம் வந்தால் இரண்டு தடவை படிக்கிறாள். அதனால் எழுதுவதை நிறுத்தாதே. நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தேவசியைக் கேட்டதாகச் சொல்.

மாத்தன்


பாலா,
4 மே 1975

ஏலிக்குட்டி,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். காரணமும் தெரியும். அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. கிழக்கு அறையில் இப்போது ரப்பர் ஷீட் அடுக்கியிருக்கிறோம். பசு கன்று போட்டது. பால் மடத்துப் பிள்ளைகளுக்குப் போகிறது.

எழுத வைத்தது வேறொரு விஷயம். போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கிறோம். ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த யாரோ ஒருத்தி தேவசியின் கதையைச் சொல்லியிருக்கிறாள். துணிக்கடை லோனப்பனைத் தெரியுமே, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே சத்தமாகப் பேசுகிறவன். அவன் ஆரம்பித்தான். "சாக்கோச் சேட்டா, மவனுக்கு ஜெர்மனியில பெரிய உத்தியோகமாமே! மூத்திரத்துணி டிபார்ட்மெண்டுல!" ஆண்கள் பக்கம் பூராவும் சிரிப்பு. சாக்கோச் சேட்டன் குடையை விரித்தார். மழை இல்லை. மறுபடி மடக்கினார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தேவசி எனக்கு என்ன நல்லது செய்தான்? ஒன்றும் இல்லை. ஆனாலும் கவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஆண்கள் பக்கம் போய்விட்டேன்.

"லோனப்பா, உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஏழு. ஏன் சேச்சி?" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"எது முதல்ல நடந்துச்சு? உன் மூணாவது பிள்ளை முதமுதல்ல பேசின வார்த்தை என்ன? யாருக்கு முதப்பல்லு மேல வந்துச்சு?"

அவன் விழித்தான். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்…"

"சரி, விடு. ஏழு பேரோட பேரை வரிசையாச் சொல்லு. அது ஆம்பளைங்க சமாச்சாரந்தானே?"

நாலாவதிலேயே தடுக்கினான். அவன் பெண்டாட்டி பெண்கள் பக்கத்திலிருந்து, "ஜோயி! ஜோயியை விட்டுட்டீங்க!" என்று கத்தினாள். அப்போது எழுந்த சிரிப்பில் சர்ச் கூரைப் புறாவெல்லாம் பறந்தது. நான், "எங்க தேவசிக்கு அவன் பிள்ளை தும்மினா எதுக்குத் தும்முதுன்னு தெரியும். கேலி பண்றவன் அவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு வந்து பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாக்கோச் சேட்டன் எங்கள் வீடு வரை என் பின்னாலேயே வந்தார். படி ஏறும் இடத்தில் நின்று, "அவளுக்கு இப்போ பல்லு எத்தனை?" என்று கேட்டார். ஒரு வருஷமாகப் பேத்தியைப் பற்றி அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி. நான் கீழே எத்தனை, மேலே எத்தனை, கரண்டியில் சத்தம் வந்தது, நாற்காலியைப் பிடித்து நின்றது எல்லாம் கடகடவென்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உன் கடிதமெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று எனக்கே தெரிந்தது.

நடந்துவிட்டாளா? எழுது. நீ பார்த்திருந்தாலும் சரி, அவன் பார்த்துச் சொன்னாலும் சரி.

திரேசியாம்மா


கொலோன்,
6 ஜூலை 1975

மதிப்பிற்குரிய திரேசியாச் சேச்சிக்கு,

தேவசி எழுதுவது. இறையருளால் நாங்கள் மூவரும் நலம். தங்கள் நலமும் மாத்தன் சேட்டன் நலமும் அறிய விரும்புகிறேன். சங்கத்தில் எழுதிப் பழகிய கை, இப்படித்தான் வருகிறது. மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தை ஏலிக்குட்டி சத்தமாக வாசித்தாள். லோனப்பன் தடுக்கின இடத்தில் அவளால் வாசிக்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே அழுதாள். போன வாரம் அப்பனிடமிருந்து கடிதம் வந்தது. நான் இங்கே வந்த பிறகு அவர் எழுதிய முதல் கடிதம். "பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்" என்று இரண்டே வரி. அதை வாங்கித் தந்தது நீங்கள். நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது.

டெஸ்ஸி மே மாதம் நடந்தாள். ஏலிக்குட்டி சோபாவில், நான் அடுப்படி வாசலில். அவளிடமிருந்து என்னிடம் வந்தாள், பாதியில் மனது மாறித் திரும்பி அவளிடமே போனாள். இருவரும் பார்த்தோம். அதனால் யார் எழுதுவது என்று தெரியாமல் யாருமே எழுதாமல் விட்டுவிட்டோம்.

இப்போது பேச ஆரம்பித்துவிட்டாள். அதில்தான் சிக்கல். பகல் முழுக்க அவள் காதில் விழுவது என் பேச்சு மட்டும். நான் வாலிபால் மைதானத்தில் பேசிப் பழகியவன். "வாடா, போடா, அப்படிப் போடு" என்றுதான் வாயில் வருகிறது. கீழ்வீட்டு ஃப்ராவ் வில்ம்ஸைப் பார்த்ததும் இவள் கையை ஆட்டி, "போடா!" என்கிறாள். அந்த அம்மாள் அதை நம் ஊர் வணக்கம் என்று நினைத்துவிட்டார். மாடிப்படியில் என்னைப் பார்த்தாலும், "போடா, ஹெர் தேவசியா, போடா" என்கிறார். நான் என்ன சொல்வேன்? நானும் "போடா" என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

சேச்சி, விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். பிராங்பர்ட்டில் அன்று நான் கேட்ட கேள்வி உங்களிடமிருந்து ஒன்றைப் பறித்தது. பறித்தேன் என்று தெரியும், திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் குழந்தைக்கு நாங்கள் இரண்டு பேர் போதாது. ஏலிக்குட்டி உங்களைக் கூப்பிட மாட்டாள், கேட்கும் உரிமை போய்விட்டதாக நினைக்கிறாள். அதனால் நான் கேட்கிறேன். வந்து சில மாதம் எங்களோடு இருங்கள். சேட்டனும் வந்தால் இன்னும் நல்லது. இந்த வீடு சின்னது. ஆனால் ஜன்னல் பக்கத்து அறை வெயில் படும் அறை. அதை ஒழித்து வைத்திருக்கிறேன்.

வர மாட்டேன் என்றால் அதையும் நேராக எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாமல் இருப்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

பணிவுடன்,
தேவசியா


பாலா,
3 ஆகஸ்ட் 1975

தேவசி,

உனக்கும் ஏலிக்குட்டிக்கும் குட்டிக்கும் சுகம் வேண்டி இன்று பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் கடிதத்தை உன் சேட்டன்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு, என்னிடம் கொடுக்காமல் பரண் மேல் ஏறித் தகரப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "என்ன, யாரு செத்தாங்க?" என்றேன். "ஒருத்தரும் சாகல. நீ படி" என்றார்.

படித்தேன். நீ பறித்தாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை இனி எழுதாதே. கொச்சியிலிருந்து திரும்பி வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் வீட்டில் அவள் வளர்ந்திருந்தால் நான் உனக்கு என்ன எழுதியிருப்பேன்? நின்றாள், நடந்தாள், சுகம் என்று. அதைப் படித்துக்கொண்டு நீ அந்தப் பூங்காவில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாய். வெறுங்கையோடு உட்காருவது என்னவென்று எனக்குத் தெரியும். அதை உனக்குக் கொடுக்க நான் விரும்பவில்லை. இதை நான் சொல்லிவிட்டேன், நீ ஏலிக்குட்டிக்கு வாசித்துக் காட்டு. அவள் அழுதால் நிறுத்தாதே, முழுக்க வாசி.

வருகிறோம். பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கப் போனோம். படம் பிடிக்கிறவன், "அம்மச்சி, சிரிக்காதீங்க, பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். உன் சேட்டனோ இருமி இருமி ஒரு படத்தையும் ஒழுங்காக எடுக்க விடவில்லை. எல்லாம் கிடைத்து நாங்கள் வந்து சேர ஈஸ்டர் ஆகிவிடும் என்கிறார்கள். ஆகட்டும். அதற்குள் உன் சம்சாரத்தை ஒழுங்காகத் தூங்க வை.

சாக்கோச் சேட்டன் பேத்திக்கு ஒரு பொருள் கொடுத்தனுப்பப் போகிறார். என்னவென்று கேட்டால் மழை வருகிறது என்று கிளம்பிவிடுகிறார்.

இன்னொன்று, இது உங்கள் இருவருக்கும். நான் வருவதற்கு முன்னால் என் படத்தைக் காட்டி, இது பேரம்மா, அம்மையின் சேச்சி, இது இன்னார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வைக்காதீர்கள். நான் பாட்டுக்கு வந்து ஒரு ஓரமாக உட்காருகிறேன். அவள் என்னைப் பார்க்கட்டும். பிடித்தால் பக்கத்தில் வரட்டும். என்ன கூப்பிடத் தோன்றுகிறதோ அதை அவளே கூப்பிடட்டும். "போடா" என்று கூப்பிட்டாலும் சரி. நான் திரும்பிப் பார்ப்பேன்.

உங்கள் சேச்சி,
திரேசியாம்மா